ஆமைக் கணக்கு

நீலாங்கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கி, பங்களாக்களின் உயரமான மதில்களுக்கு நடுவே போகும் சந்தில் நடந்தால், தார் முடியும் இடத்தில் மணல் தொடங்கிவிடுகிறது. நள்ளிரவை நெருங்கும் நேரம். மாசி மாதத்துக் குளிர்ந்த காற்று. செருப்பைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு இருபது முப்பது பேர் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரி மாணவர்கள், கணினி நிறுவன ஊழியர்கள், இரண்டு குழந்தைகளைக் கூட்டி வந்திருந்த ஒரு தம்பதி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். மதுரையிலிருந்து ரயிலேறி வந்த என்னையும் சேர்த்து எல்லோரும் ஆமை பார்க்க வந்தவர்கள்.

நடையை நடத்தும் இளைஞர் முதலிலேயே அந்த ஆசையில் தண்ணீர் தெளித்துவிட்டார். "ஆமை வரலாம், வராமலும் போகலாம். பாதி ராத்திரிகள்ல எங்களுக்கே தடம்கூடக் கிடைக்காது. ஆமையைப் பாத்தே ஆகணும்னு வந்தவங்க வண்டலூர் போயிடுங்க. நடக்கணும்னு வந்தவங்க எந்திரிங்க." சிரிப்பு அடங்கியதும் விதிகளைச் சொன்னார். டார்ச் அடிக்கக் கூடாது. செல்போன் திரைகூட ஒளிரக் கூடாது. அவரை யாரும் முந்திப் போகக் கூடாது. தடத்தை மிதித்துக் கலைத்துவிட்டால் முட்டை எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாமல் போகும்.

இவர்கள் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள். எஸ்.எஸ்.டி.சி.என். என்ற சுருக்கப் பெயர் சென்னையின் இயற்கை ஆர்வலர்களிடையே பிரபலம். 1988இல் பள்ளி, கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியது. சம்பளம் வாங்குபவர் யாரும் கிடையாது. ஜனவரி தொடங்கி மார்ச் கடந்தும், ஒவ்வோர் இரவும் இவர்களில் சிலர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர் நடக்கிறார்கள். வனத்துறை அனுமதியோடு நடக்கும் வேலை இது. வார இறுதி இரவுகளில் மட்டும் எங்களைப் போன்ற பொதுமக்களையும் கூட்டிச் செல்கிறார்கள்.

சென்னையின் ஆமை நடைக்கு இந்த அமைப்பைவிடவும் வயது அதிகம். 1970களின் தொடக்கத்தில், பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் இந்தக் கரையில் இரவு நடை தொடங்கினார்கள். அப்போது ஆமை முட்டைகளைத் தோண்டியெடுத்து விற்பது சாதாரணம். அந்தக் குழுவில் வந்து சேர்ந்தவர் சென்னை ஐ.ஐ.டி. மாணவர் சதீஷ் பாஸ்கர். பிறகு அவர் இந்தியக் கடற்கரைகளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தனியாக நடந்தே ஆய்வு செய்தார். 1982இல் லட்சத்தீவின் ஆளில்லாத சுகேலி தீவில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தனித்துத் தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதைத் தபாலில் சேர்க்க, வீட்டுக்கே வந்து சேர்ந்தது. நாட்டின் எந்தக் கடற்கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்று இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்த ஒற்றை மனிதரின் கால்கள் சேர்த்தது. 1988இல் மாணவர் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் இன்று கடலாமை ஆய்வில் உலகம் அறிந்த விஞ்ஞானி.

நடக்கத் தொடங்கினோம். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் நகரம். அந்த நகரம் உமிழும் வெளிச்சம் கடற்கரையில் நின்று பார்த்தால்தான் உறைக்கிறது. கடலைப் பார்த்த வீடுகளின் மாடி விளக்குகள், உணவு விடுதிகளின் வண்ண விளக்குகள், தெரு முனையின் உயர்கோபுர விளக்குகள். இருட்டில் பொரித்து மேலே வரும் ஆமைக் குஞ்சு, எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் ஊர்ந்து போகும். விளக்கே இல்லாத உலகத்தில் அந்தப் பக்கம் கடலாகத்தான் இருக்கும். வானத்தின் ஒளி நீரில் பட்டு மினுங்கும். சென்னையிலோ அது சாலையாக இருக்கிறது. பருவம்தோறும் கரையோர விளக்குகளை இரவில் அணைக்கச் சொல்லி மாநகராட்சியிடமும் வீட்டுக்காரர்களிடமும் கேட்பது இவர்களுடைய வேலைகளில் ஒன்று. சிலர் அணைக்கிறார்கள். சிலர் வீட்டுக் காவலாளியைப் பேசவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

பாலவாக்கத்தைத் தாண்டும்போது முன்னால் போனவர் நின்றார். அலை நனைக்கும் ஓரத்தில் ஒரு கறுத்த மேடு. அருகில் போனதும் நாற்றம் வந்தது. இரண்டடிக்குக் குறையாத ஓடு. கழுத்து வீங்கியிருந்தது. கண்கள் பிதுங்கி வெளியே தள்ளியிருந்தன. உடம்பில் வெட்டுக்காயம் எதுவும் இல்லை.

"வலையில மாட்டி மூச்சு முட்டிச் செத்தது" என்றாள் அளவுநாடாவோடு குனிந்த ஒரு கல்லூரி மாணவி. ஓட்டின் நீளம், அகலம், ஆணா பெண்ணா, கிடந்த இடம், நேரம் எல்லாவற்றையும் இன்னொருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். வால் ஓட்டுக்கு வெளியே நீளாமல் குட்டையாக இருந்தால் பெண். இது பெண். அடுத்த நாள் வருபவர்கள் மறுபடி எண்ணிவிடாதபடி ஓட்டின்மேல் ஓர் அடையாளம் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். கூட்டத்தில் வந்த ஒரு சிறுமி, "இதை எதுக்கு எழுதறீங்க? செத்துப்போச்சே" என்று கேட்டாள். "நாம எழுதலைன்னா இது செத்ததே யாருக்கும் தெரியாதும்மா" என்றாள் மாணவி. அன்று இரவு கேட்டவற்றில் எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்ட பேச்சு வேறில்லை.

ஆமைக்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுவது. ஓய்ந்து கிடக்கும்போது நீருக்கடியில் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். வலைக்குள் சிக்கித் துடிக்கும்போது உள்ளிருக்கும் மூச்சு சீக்கிரமே தீர்ந்துவிடும். இழுவைப் படகின் வலையோ கடலடியில் மணிக்கணக்கில் இழுபடுகிறது. முட்டையிடும் பருவத்தில் ஆமைகள் கரையோரக் கடலில்தான் கூடுகின்றன. இறால் தேடும் இழுவைப் படகுகளும் அங்கேயே வருகின்றன.

கொட்டிவாக்கத்தில் தடம் கிடைத்தது. ஈர மணலிலிருந்து மேலேறி, வளைந்து, மறுபடி கடலுக்கே இறங்கிய ஒரு கோடு. துடுப்புக் கால்கள் மாறி மாறி ஊன்றிய அச்சு. பேராமையென்றால் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் ஊன்றித் தள்ளும், அச்சும் அப்படியே எதிரெதிரே விழும். மாறி மாறி விழுந்தால் பங்குனி ஆமை. மீனவர்கள் வைத்த பெயர்தான் இது. பங்குனியையொட்டிக் கரையேறுவதால் வந்தது. ஏறிய தடம் குட்டையாகவும் இறங்கிய தடம் நீளமாகவும் இருந்தது. ஆமை மேலே இருந்த நேரத்தில் கடல் வற்றியிருக்கிறது, அதனால் திரும்பும்போது கூடுதல் தூரம் போக வேண்டியிருந்திருக்கிறது என்று விளக்கினார் இளைஞர். ஆமை போய் அதிக நேரம் ஆகவில்லை. கூட்டத்தில் ஓர் ஏமாற்றப் பெருமூச்சு. அவர் முகத்தில் மட்டும் சந்தோஷம்.

மேலே தடம் திரும்பிய இடத்தில் ஆறடி அகலத்துக்கு மணல் கலைந்து கிடந்தது. முட்டையிட்டு முடித்ததும் தாய் குழியை மூடி, தன் உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு மணலை இறுக்கும். பிறகு துடுப்பால் மணலை வாரியிறைத்துக் குழி இருக்கும் இடம் தெரியாமல் செய்துவிட்டுப் போகும். நாற்பது ஐம்பது கிலோ எடையுள்ள உயிர் செய்யும் இந்த மறைப்பு வேலையை அவிழ்க்க இவர்களிடம் இருப்பது ஒரு மெல்லிய கம்பு. கலைந்த மணலில் இளைஞர் அதை அங்கங்கே மெதுவாக ஊன்றிப் பார்த்தார். இறுகிய மணலில் கம்பு நின்றுவிடும். ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. உடனே கம்பை எடுத்துவிட்டுக் கையால் தோண்டத் தொடங்கினார்.

முழங்கை தாண்டிக் கை உள்ளே போனபின் முதல் முட்டை வந்தது. வெள்ளை வெளேரென்று, பிங்பாங் பந்து அளவில். ஓடு கெட்டியாக இல்லை. தோல் போல லேசாக அமுங்கியது. ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணி, ஈர மணல் போட்ட துணிப்பையில் அடுக்கினார்கள். குழந்தைகள் ஒவ்வொரு எண்ணையும் சத்தமில்லாமல் உதட்டசைவில் சொன்னார்கள். நூற்றைத் தாண்டியது. குழியின் ஆழம், அகலம், கடல் எட்டும் கோட்டிலிருந்து தூரம், எல்லாம் நோட்டில் ஏறின. முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் இந்த வேலையை முடித்தாக வேண்டும். அதற்குப் பின் கரு ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அப்போது முட்டை புரண்டால் கரு செத்துவிடும்.

முட்டையை அதன் இடத்திலேயே விட்டுவிடுவதுதான் நல்லது என்பதை இவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் ஒரே வாரத்தில் லட்சக்கணக்கான ஆமைகள் கரையேறுகின்றன. அங்கே யாரும் முட்டையை எடுத்து மாற்றிக்கொண்டிருக்க முடியாது. சென்னைக் கரையில் ஓர் இரவில் ஒன்றோ இரண்டோதான் வருகின்றன. நாய்கள், நடமாட்டம், வெளிச்சம் ஆகிய மூன்றுக்கும் நடுவே அந்த ஒரு குழி தப்பாது. ஆகவேதான் பொரிப்பகம்.

மறுபடி நடக்கும்போது தமிழாசிரியர் பேச்சுக் கொடுத்தார். அகநானூற்றின் 160ஆம் பாடலில் இந்தக் காட்சி அப்படியே இருக்கிறது என்றார். சூல் கொண்ட ஆமை மணல் மேட்டில் முட்டையிட்டுப் புதைத்து வைப்பதும், அந்த முட்டை தந்தத்தில் கடைந்த வட்டுக்காய் போல இருப்பதும், அதன் புலால் நாற்றமும்கூட அதில் உண்டாம். எழுதியவர் நப்பசலையார். குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை காவல் இருக்கும் என்றும் பாடல் சொல்கிறது. அது மட்டும் நடப்பதில்லை. ஆண் ஆமை கரைக்கே வருவதில்லை. தாயும் முட்டையிட்டதோடு சரி, திரும்பிப் பார்க்காது. "காவலுக்கு ஆள் வேணும்னு அன்னிக்கே தோணியிருக்கு சார்" என்றார் ஆசிரியர். பாடலில் இருக்கும் கணவனின் வேலையை இப்போது துணிப்பையைச் சுமந்து முன்னால் நடக்கும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திருவான்மியூர் தாண்டி, படகுகள் வரிசையாக ஏற்றி வைத்திருந்த குப்பங்களைக் கடந்து, பெசன்ட் நகர் பொரிப்பகத்துக்கு வந்து சேர்ந்தபோது விடியலுக்கு இன்னும் நேரமிருந்தது. பொரிப்பகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கழி நட்டு, வலை கட்டி அடைத்த மணல் துண்டு. உள்ளே வரிசை வரிசையாகச் சிறு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, ஓர் ஊர், ஓர் எண்ணிக்கை. கொட்டிவாக்கத்துக் குழி எந்த ஆழமோ அதே ஆழத்தில், வாய் சிறுத்து அடி அகன்ற அதே வடிவத்தில், புதிய குழியைத் தோண்டி முட்டைகளை இறக்கினார்கள். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளுக்குள் பொரிக்கும். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு. குளிர்ந்த மணலில் ஆண் அதிகம், சூடேறிய மணலில் பெண் அதிகம். கோடை நெருங்க நெருங்க, சூடு இன்னும் ஏறினால் முட்டையே வெந்துபோகும். புவி வெப்பமாதல் என்ற பெரிய வார்த்தை இங்கே வெறும் மணல் சூடாக இறங்கி வந்து நிற்கிறது.

விடிந்ததும் ஊரூர் ஆல்காட் குப்பத்தின் பக்கம் டீக்கடை தேடிப் போனேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் ஆமையைப் பற்றிக் கேட்டேன். "ஆமை சாமி சார். எங்க வலையில மாட்னா அறுத்து வுட்ருவோம். வலை போனா போவுதுன்னு வுட்ருவோம்" என்றார். இறந்து ஒதுங்குபவை பற்றிக் கேட்டதும் குரல் ஏறியது. "எங்களது சின்ன ஃபைபர் போட்டு. கிட்டத்துல வந்து அடிமடியை வாரிக்கினு போறது பெரிய போட்டு. ஆமையும் சாவுது, எங்க மீனும் போவுது. சட்டம் இருக்குன்றாங்க. ராத்திரியில கடல்ல வந்து யாரு பாக்கறா?"

அவர் சொன்னது சரி. கடலாமைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், இழுவைப் படகு மீன் பிடிக்கக் கூடாது. கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. அதற்குள் ஆமைகளின் பருவம் பெரும்பாலும் முடிந்துவிடும். இழுவை வலையில், மீன் சேரும் பைப் பகுதிக்கு முன்னால் பொருத்தக்கூடிய கம்பித் தடுப்பு ஒன்று இருக்கிறது. இறாலும் சிறு மீனும் கம்பிகளுக்கிடையே உள்ளே போகும். ஆமை தடுப்பில் முட்டி, மேலுள்ள திறப்பு வழியாகத் தப்பிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடியே ஒன்றை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறது. பிடிபட்ட மீனும் இறாலும்கூட அந்தத் திறப்பில் நழுவிவிடும் என்ற அச்சத்தில் படகுக்காரர்கள் அதைப் பொருத்துவதில்லை. இதைக் காரணம் காட்டியே இந்தியக் கடல் இறாலை 2019 முதல் அமெரிக்கா வாங்குவதில்லை. ஆமைக்காகத் தொடங்கிய கணக்கு கடைசியில் படகுக்காரரின் வருமானத்திலும் வந்து விழுந்திருக்கிறது.

2025 ஜனவரியில் சென்னையிலும் அதையொட்டிய கடற்கரைகளிலும் சில வாரங்களுக்குள் இறந்து ஒதுங்கிய ஆமைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்டது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மீன்வளத் துறையும் வனத் துறையும் பதில் சொல்ல வேண்டி வந்தது. ரோந்து, தடுப்புக் கருவி என்ற பேச்செல்லாம் வேகம் பிடித்தது. அந்த எண் எங்கிருந்து வந்தது? கரையை இரவும் விடியலும் நடந்து, நாறிக்கிடந்த உடல்களை அளந்து எழுதியவர்களிடமிருந்துதான் பெரும்பாலும் வந்தது. எண்ணாமல் விட்டிருந்தால் அலை இழுத்துப் போயிருக்கும், மிச்சத்தை நாய் தின்றிருக்கும், யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

அன்று மாலை மீண்டும் பொரிப்பகத்துக்குப் போனேன். நாள் நெருங்கிய குழிகளின் மேல் கூடைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரு கூடைக்கடியில் மணல் கொதிப்பது போல அசைந்து, கறுத்த குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு வெளியே வந்தன. எண்ணி முடித்து, அலைக்குச் சில அடி தள்ளி மணலில் விட்டார்கள். கையால் தூக்கிக் கடலில் போடக் கூடாது. அந்தச் சில அடிகளை அவையே ஊர்ந்து கடக்க வேண்டும். பெண் ஆமை முட்டையிடத் திரும்பி வருவது பெரும்பாலும் தான் பிறந்த கரைப் பகுதிக்கே. அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டாகும். முந்தைய இரவு கொட்டிவாக்கத்தில் ஏறி இறங்கியதுகூட, இந்தக் கழி வேலிக்குள் முன்பொரு காலத்தில் பொரித்ததாக இருக்கலாம்.

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு ஒரு மனக்கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து ஆளாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு குழிக்கு நூறு முட்டை என்றால், அவ்வளவும் பொரித்தாலும், பத்துக் குழிக்கு ஒரு பெரிய ஆமை. பாலவாக்கத்தில் செத்துக் கிடந்த ஒன்றை ஈடுகட்டப் பத்து இரவுகளில் பத்துக் குழி காப்பாற்ற வேண்டும். ஆயிரம் செத்தால் பத்தாயிரம் குழி. கரையில் எத்தனை பேர் நடந்தாலும், எத்தனை கூடை கவிழ்த்தாலும், கடலில் போகும் உயிரைக் கரையில் பொரித்துச் சரிக்கட்ட முடியாது.

அப்படியானால் இந்த நடை வீணா என்று அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். இந்தக் கேள்வி அவருக்குப் பழகியதாக இருந்தது. "முட்டைக்காக மட்டும் நடக்கல சார். முட்டைக்காக வர்ற ஆயிரம் பேர்ல நூறு பேராவது செத்த ஆமையைப் பாத்துட்டுப் போறாங்க. அவங்க சும்மா இருக்க மாட்டாங்க" என்றார். முப்பது வருடங்களுக்கு மேலாகத் தொடரும் இந்த நோட்டுப் புத்தகங்களில் குழிகளின் கணக்கும் சாவுகளின் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குஞ்சு விடும் காட்சியை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் பாதிப் பக்கத்தைத்தான் படித்திருக்கிறார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதி இரவுகளில் பொது நடை இருக்கும், குடிக்கத் தண்ணீரும் இரவு முழுக்க நடக்கத் தெம்பும் போதும். போக முடியாதவர்களும் செய்யக்கூடியவை உண்டு. கடற்கரையில் வீடு இருந்தால் அந்த மூன்று மாதமும் கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்து வையுங்கள். இறந்த ஆமையைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அது கணக்கில் ஏறும். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம், 5 கடல் மைல் விதி எந்த அளவுக்கு அமலில் இருக்கிறது என்று கேளுங்கள். தன்னார்வலர்கள் கரையைக் காப்பார்கள். கடலைக் காப்பது அரசின் வேலை. அதைச் செய்ய வைப்பது நம் வேலை.